மண்ணெண்ணெய் ரக எரிபொருளில் கரைந்திருக்கும் நீர்: 30 டிகிரியிலிருந்து 0-க்குக் குளிர்ந்தால் எவ்வளவு பிரியும்?

சோதனைமேடை கேட்டது:

வணக்கம் நண்பர்களே. எரிபொருள் பம்புகளைக் குளிர்ச்சியில் ஓட்டிப் பார்ப்பதற்கான சோதனை மேடை ஒன்றை அமைத்துக்கொண்டிருக்கிறோம். ஜெட் எரிபொருள் போன்ற மண்ணெண்ணெய் ரகம்தான் ஓடப்போகிறது. தொட்டி 10,000 லிட்டர். 30 டிகிரி செல்சியஸில் சேமித்து வைத்து, சோதனையின்போது 0 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும்.

குளிரும்போது கரைந்திருக்கும் நீர் வெளியே வரும் என்பது தெரியும். எவ்வளவு வரும் என்பதுதான் கேள்வி. அதை வைத்துத்தான் அடிப்பக்க வடிகால், வடிகட்டி எல்லாவற்றையும் தீர்மானிக்க வேண்டும். தேடிப் பார்த்ததில் ஒன்றுக்கொன்று ஒட்டாத எண்களாகக் கிடைக்கின்றன. ஹெக்சேனுக்கு 0.05 சதவீதம், பென்சீனுக்கு 0.3 சதவீதம், ஜெட் எரிபொருளுக்கு 80 பிபிஎம் (பத்து லட்சத்தில் 80 பங்கு). எதை எடுப்பது? ஆய்வக அளவீட்டுக்குப் போகும் முன் காகிதத்தில் ஓர் உத்தேசக் கணக்குப் போட வழி இருக்கிறதா?

"எண்ணெயும் தண்ணீரும் சேராது, இதில் என்ன கணக்கு" என்கிறார் கூட வேலை செய்பவர். எனக்கு அப்படி விட்டுவிட மனமில்லை.

---

எரிபொருள்மேசை பதில்:

விடாதீர்கள். 2008 ஜனவரி 17-ஆம் தேதி பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த போயிங் 777, ஹீத்ரோ ஓடுபாதைக்குச் சற்று முன்னால் தரையில் விழுந்தது. எரிபொருளில் இருந்த நீர் குழாய்ச் சுவர்களில் பனியாகப் படிந்து, இறங்கும் நேரத்தில் கொத்தாகப் பெயர்ந்து, எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் வெப்பமாற்றியின் வாயை அடைத்துவிட்டது. அந்த எரிபொருளில் யாரும் தண்ணீர் கலக்கவில்லை. விசாரணையில் மதிப்பிட்டபடி கரைந்த நீர் 40 பிபிஎம் அளவு. ஏறக்குறைய 79 டன் எரிபொருளில் 3 லிட்டர். எல்லாத் தர வரம்புகளுக்கும் உட்பட்ட, சாதாரணமான அளவு அது. உங்கள் மேடையில் ஓடப்போவதும் அதே வகைத் திரவம், அதே வகைப் பம்பு.

உங்களிடம் இருக்கும் மூன்று எண்களும் சரியானவைதான், அலகுதான் வேறு. முதல் இரண்டும் மோல் சதவீதம் (மூலக்கூறுகளின் எண்ணிக்கைக் கணக்கு), மூன்றாவது எடைக் கணக்கு. ஹெக்சேனில் 25 டிகிரியில் நீரின் மோல் பின்னம் சுமார் 0.0005. அதை 18-ஆல் பெருக்கி, ஹெக்சேனின் மூலக்கூறு எடை 86-ஆல் வகுத்தால் எடையில் 100 பிபிஎம் பக்கம் வரும். பென்சீனில் 0.003, எடையில் 700 பிபிஎம். நடுவே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: ஹெக்சேன் போன்ற பாரஃபின்களின் சங்கிலி நீள நீள மோல் பின்னம் பெரிதாக மாறாது, ஆனால் மூலக்கூறு கனமாவதால் எடைக் கணக்கு இறங்கும். ஹெக்சாடெக்கேனுக்குப் போனால் 50, 60 பிபிஎம்தான். அதனால் "ஹைட்ரோகார்பனில் இவ்வளவு கரையும்" என்று ஒற்றை எண்ணை யாராவது சொன்னால், எந்த ஹைட்ரோகார்பன், எந்த வெப்பநிலை, எந்த அலகு என்று மூன்றையும் கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

பென்சீன் ஏன் இத்தனை மடங்கு வாங்குகிறது? எண்ணெய்க்குள் நீர் மூலக்கூறுகள் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. நீரின் ஹைட்ரஜன் பிணைப்புகளை எல்லாம் அறுத்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். கிட்டத்தட்ட ஆவியாவது போன்ற வேலை. 25 டிகிரியில் நீர் ஆவியாக மோலுக்கு 44 கிலோஜூல் வேண்டும். மண்ணெண்ணெயில் கரைய 33 பக்கம் வேண்டும். பாரஃபின் திருப்பிக் கொடுப்பது அவ்வளவு குறைவு. பென்சீன் போன்ற அரோமேட்டிக் மூலக்கூறின் வளையத்தில் இருக்கும் எலக்ட்ரான் மேகத்தோடு நீர் லேசாகப் பிணைந்துகொள்வதால் அங்கே செலவு இன்னும் குறைகிறது. எரிபொருளில் அரோமேட்டிக் கூடினால் நீரும் கூடுவதற்குக் காரணம் இதுதான்.

இந்தப் போக்கை ஒரே வரியில் அடக்கும் பழைய சமன்பாடு ஒன்று பெட்ரோலியத் தரவு நூல்களில் உண்டு. எரிபொருளின் ஹைட்ரஜன்–கார்பன் எடை விகிதம் மட்டும் தெரிந்தால் போதும்:

மடக்கை(நீ) = −(4200 × வி + 1050) × (1/வெ − 0.0016)

நீ என்பது தெவிட்டுநிலையில் (இதற்கு மேல் நீர் கரையாது என்ற நிலையில்) நீரின் மோல் பின்னம், வி என்பது ஹைட்ரஜன்/கார்பன் எடை விகிதம், வெ என்பது கெல்வினில் வெப்பநிலை. மடக்கை 10 அடிமானத்தில்.

உங்கள் எரிபொருளுக்கே போட்டுப் பார்ப்போம். ஹைட்ரஜன் 13.9 சதவீதம் என்று வைத்தால் வி = 0.161. சராசரி மூலக்கூறு எடை 167. முதல் அடைப்பு 676 + 1050 = 1726. 30 டிகிரி என்பது 303.15 கெல்வின்; 1/வெ = 0.003299, அதில் 0.0016 போக 0.001699. பெருக்கினால் 2.932. ஆக நீ = 0.00117, எடையில் 126 பிபிஎம். இதே வழியில் 20 டிகிரிக்கு 81, 10 டிகிரிக்கு 50, 0 டிகிரிக்கு 30.

126-இல் 30 போனால் 96. பத்தாயிரம் லிட்டர் என்பது எட்டாயிரம் கிலோ. கிலோவுக்கு 96 மில்லிகிராம் என்றால் 770 கிராம், அதாவது முக்கால் லிட்டர் நீர் பிரியும்.

இது கூடுதலாகச் சொல்லும் கணக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்சீனுக்கு இந்தச் சமன்பாடு 0.0035 என்கிறது, அளந்தது 0.0030. ஹெக்சேனுக்கும் பத்து சதவீதம் போல மேலே நிற்கும். ஜெட் எரிபொருளுக்கு 25 டிகிரியில் 101 என்கிறது. அளந்தால் வழக்கமாக 80 பக்கம்தான். சரிபார்க்க நான் எப்போதும் இன்னொரு வழியிலும் போட்டுப் பார்ப்பேன். எரிபொருளை 80 பங்கு பாரஃபின் (0.00058), 20 பங்கு அரோமேட்டிக் (0.0025) என்று பிரித்துக்கொள்ளுங்கள். நேர் சராசரி எடுத்தால் 104 பிபிஎம். மடக்கைகளைச் சராசரி எடுத்துத் திருப்பினால் 84. கரைசல்களின் இயல்புக்கு இரண்டாவதுதான் நெருக்கம், அளவீடும் அதன் பக்கமே நிற்கிறது. வடிகால் அளவைத் தீர்மானிக்க முதல் எண்ணை எடுங்கள். இன்று தொட்டியில் என்ன நடக்கும் என்று சொல்ல இரண்டாவதை எடுங்கள்.

---

சோதனைமேடை:

மிக்க நன்றி ஐயா. அலகுச் சிக்கல் தெளிந்துவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு முழுக்க 30 டிகிரியில் எரிபொருள் தெவிட்டியிருக்கிறது என்ற அடிப்படையில்தானே? எங்கள் தொட்டியின் அடியில் நீர் கிடையாது. மூச்சுக்குழாய் மட்டும் வெளிக்காற்றுக்குத் திறந்திருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் 126-இல் 70 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

எரிபொருள்மேசை:

கேட்க வேண்டிய கேள்வி இதுதான். தெவிட்டுநிலை என்பது எரிபொருளின் கொள்ளளவு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பது வேறு விஷயம். பலர் முதலாவதைக் கணக்கிட்டுவிட்டு இரண்டாவதும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

நீர் இவ்வளவு குறைவாக இருக்கும்போது ஹென்றி விதி (கரைந்த அளவு மேலே உள்ள ஆவியின் அழுத்தத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும்) நன்றாகவே பொருந்தும். எரிபொருளும் காற்றும் ஒரே வெப்பநிலையில் இருந்தால் நீங்கள் சொன்னது சரி: 126 × 0.7 = 88 பிபிஎம். வெப்பநிலை வேறுபட்டால் வானிலைக் கருவி காட்டும் சதவீதத்தை அப்படியே போடக்கூடாது. காற்றில் உள்ள நீராவியின் அழுத்தத்தை, எரிபொருளின் வெப்பநிலையில் நீருக்கு இருக்கும் ஆவியழுத்தத்தால் வகுக்க வேண்டும்.

30 டிகிரி, 70 சதவீதக் காற்றில் நீராவி அழுத்தம் 4.24 × 0.7 = 2.97 கிலோபாஸ்கல். வெயிலில் எரிபொருள் 40 டிகிரிக்குச் சூடாகியிருந்தால் அங்கே ஆவியழுத்தம் 7.38, விகிதம் 0.40. 40 டிகிரியில் கொள்ளளவு 192 என்று சமன்பாடு சொல்கிறது, ஆகவே உள்ளே இருப்பது 77. எரிபொருள் 20 டிகிரியில் இருந்தால் ஆவியழுத்தம் 2.34-தான், காற்றில் இருப்பதோ 2.97. எரிபொருள் 81-இல் தெவிட்டிவிடும், மிச்சம் தொட்டியின் சுவரில் வியர்த்து வழிந்து அடியில் சேரும்.

மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 77, 88, 81. எரிபொருளின் வெப்பநிலை இருபது டிகிரி மாறியும் உள்ளே கரைந்தது பெரிதாக மாறவில்லை. சூடானால் கொள்ளளவு ஏறுகிறது, அதே வேகத்தில் காற்றின் ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. 33, 44 என்று மேலே சொன்ன இரண்டு வெப்பங்களும் அருகருகே இருப்பதன் விளைவு இது. திறந்த மூச்சுக்குழாய் உள்ள தொட்டியில் கரைந்த நீரைத் தீர்மானிப்பது எரிபொருளின் சூட்டைவிடக் காற்றின் பனிநிலைதான் (அதன் நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலை) என்று நான் சொல்வது இதனால்தான்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் சமநிலைக் கணக்கு. பெரிய தொட்டி அசையாமல் கிடந்தால் மேற்பரப்பு மட்டும் காற்றோடு ஒத்துப்போகும், அடியில் இருப்பது பழைய ஈரத்தோடேயே கிடக்கும். ஆகவே அளக்காமல் தீராது. அளவீட்டைப் பற்றி நம் மன்ற உறுப்பினர் கூலோமீட்டர் இங்கே எழுதினால் நன்றாயிருக்கும்.

---

கூலோமீட்டர்:

அழைத்ததற்கு நன்றி சார். நான் தினமும் நீரை அளக்கும் கார்ல் ஃபிஷர் கருவியில் எரிபொருள் ஓட்டுபவள். கருவியைப் பற்றிக் குறைவாகவும் மாதிரி எடுப்பதைப் பற்றி அதிகமாகவும் சொல்கிறேன். எண் கெட்டுப்போவது பெரும்பாலும் அங்கேதான்.

கூலோமெட்ரி முறையில் கருவி தானே அயோடினை உண்டாக்குகிறது. ஒரு மூலக்கூறு நீருக்கு ஒரு மூலக்கூறு அயோடின். ஒரு மில்லிகிராம் நீருக்கு 10.71 கூலோம் மின்னூட்டம். அந்தப் பக்கம் துல்லியத்துக்குக் குறையே இல்லை. ஆனால் 100 பிபிஎம் உள்ள எரிபொருள் ஒரு மில்லிலிட்டரில் இருக்கும் மொத்த நீரே 80 மைக்ரோகிராம். ஈரப்பதம் 60 சதவீதம் உள்ள அறைக்காற்று ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சுக்குள் குமிழாக மாட்டினால் அதிலேயே 14 மைக்ரோகிராம் வந்துவிடுகிறது. கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரம் அதற்கு மேல். அதனால்:

சிரிஞ்சை அடுப்பில் உலர்த்தி, ஆறியதும் அதே எரிபொருளை இழுத்துத் தள்ளி மூன்று தடவையாவது கழுவுங்கள். மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுங்கள். பிளாஸ்டிக் ஈரத்தை விடவும் செய்யும், வாங்கவும் செய்யும். மேலே காற்றிடம் இல்லாமல் நிரப்புங்கள். ஊசி முனையை ரப்பர் அடைப்பு வழியாகக் குத்தி எரிபொருளின் நடுவிலிருந்து எடுங்கள், செலுத்துவதற்கு முன்னும் பின்னும் சிரிஞ்சை எடை போட்டு வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மில்லிலிட்டர் கோட்டை நம்ப வேண்டாம்.

ஆகப் பெரிய பிழை இன்னொன்று. 30 டிகிரித் தொட்டியில் எடுத்த மாதிரி ஆய்வகத்தின் குளிரூட்டிய அறைக்கு வந்ததும் உள்ளேயே நீர் பிரிந்து புட்டியின் சுவரில் நுண்துளியாக ஒட்டிக்கொள்ளும். நடுவிலிருந்து எடுத்து ஓட்டினால் குறைவாகக் காட்டும், அழகாக ஒரே எண் திரும்பத் திரும்பவும் வரும். மாதிரியை எடுத்த வெப்பநிலைக்கே திரும்பச் சூடாக்கி, நன்றாகக் குலுக்கி, சிறிது நேரம் விட்டு ஓட்ட வேண்டும்.

எரிபொருளில் மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மம் இருந்தால் அதுவும் அயோடினைத் தின்னும், நீர் அதிகம் என்று காட்டும். சந்தேகம் இருந்தால் ஆவியாக்கி நீரை மட்டும் உலர் வாயுவில் கலத்துக்குக் கொண்டுபோகும் துணைக்கருவியோடு ஓட்டுங்கள்.

தெவிட்டுநிலையையும் நீங்களே அளந்துவிடலாம். வடிநீர் கொஞ்சம் ஊற்றி, அதன்மேல் எரிபொருளை ஊற்றி, வெப்பநிலை மாறாத தொட்டியில் ஒரு நாள் முழுக்க மெதுவாகக் கலக்கவிடுங்கள். வேகமாகக் கலக்கினால் பால்போல் ஆகிவிடும், பிறகு தெளிவதற்குள் பொறுமை போய்விடும். கலக்கியை நிறுத்தி, கண்ணாடிபோல் தெளிந்த பின் மேலடுக்கிலிருந்து எடுங்கள். இரண்டு வெப்பநிலையில் செய்தால் போதும்.

---

பயோகலவை:

இடையில் ஒரு சிறு கேள்வி. நாங்கள் டீசலில் பயோடீசல் கலந்து ஓட்டுகிறோம். மேலே உள்ள சமன்பாட்டில் ஹைட்ரஜன்–கார்பன் விகிதத்தைப் போட்டால் சரிவருமா?

---

எரிபொருள்மேசை:

வராது. ஆக்சிஜன் வந்த உடனே அந்தச் சமன்பாட்டை மூடிவைத்துவிடுங்கள். தூய பயோடீசல் 25 டிகிரியில் 1500 பிபிஎம்முக்கு மேல் நீரை வாங்கிக்கொள்ளும், சாதாரண டீசலோ நூறுக்குள். கலவையின் கொள்ளளவு இரண்டுக்கும் நேர்கோட்டில் இருக்காது. கோட்டுக்குக் கீழே தொங்கும். அதாவது ஈரமான பயோடீசலையும் உலர்ந்த டீசலையும் தனித்தனியாகப் பார்க்கும்போது இரண்டுமே தெளிவாக இருக்கும், கலந்ததும் மங்கலாகும். கலப்பதற்கு முன்பே பயோடீசலை உலர்த்திவிடுங்கள். ஐரோப்பியத் தரநிலை பயோடீசலுக்குக் கிலோவுக்கு 500 மில்லிகிராம் வரம்பு வைத்திருக்கிறது. கலப்பதற்கு அதுவே அதிகம் என்பது என் கருத்து. எத்தனால் கலந்த பெட்ரோல் முற்றிலும் வேறு கதை, அங்கே நீர் எத்தனாலையும் இழுத்துக்கொண்டு பிரியும். அதற்குத் தனி இழை தொடங்குங்கள், எழுதுகிறேன்.

---

சோதனைமேடை:

கூலோமீட்டர் மேடம் சொன்னபடியே செய்து பார்த்தோம். எங்கள் எரிபொருளின் தெவிட்டுநிலை 30 டிகிரியில் 104 பிபிஎம், 10 டிகிரியில் 41. தொட்டியிலிருந்து 30 டிகிரியில் எடுத்த மாதிரியில் இருந்தது 68. இவற்றை வைத்து மேற்கொண்டு எப்படிப் போவது? வடிகட்டியை எங்கே பொருத்துவது என்பதும் பாக்கி இருக்கிறது.

---

எரிபொருள்மேசை:

நல்ல எண்கள். நல்லவை என்று எப்படித் தெரியும் என்றால், இரண்டு புள்ளிகளின் இயற்கை மடக்கையை 1/வெ-க்கு எதிராக வரைந்து சாய்வு பார்க்க வேண்டும். 104-ஐ 41-ஆல் வகுத்து மடக்கை எடுத்தால் 0.931. 1/வெ வித்தியாசம் 0.000233. சாய்வு 4000 கெல்வின் அளவு. வாயு மாறிலியால் பெருக்கினால் மோலுக்கு 33 கிலோஜூல். மண்ணெண்ணெய்க்கு வர வேண்டியது அதுவேதான். இருபதோ ஐம்பதோ வந்திருந்தால் மாதிரியில் எங்கோ தனி நீர் புகுந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

அதே கோட்டை 0 டிகிரிக்கு நீட்டினால் தெவிட்டுநிலை 24 பிபிஎம். உங்கள் எரிபொருளில் இருப்பது 68. பிரியப்போவது 44, எட்டாயிரம் கிலோவுக்கு 350 கிராம். காகிதத்தில் போட்ட முக்கால் லிட்டர் மோசமான நாளுக்கானது, இது இன்றைய நிலைக்கானது. வடிகாலை முன்னதற்கே வையுங்கள்.

எந்த வெப்பநிலையில் பிரியத் தொடங்கும் என்பதையும் அதே கோடு சொல்லும். 68 பிபிஎம் தெவிட்டுநிலையாக இருப்பது 20 டிகிரியைத் தாண்டி அரை டிகிரியில். குளிர்விக்கும்போது பார்வைக் கண்ணாடி வழியாக அந்த இடத்தில் கவனியுங்கள். எரிபொருள் சுத்தமாக இருந்தால் சில டிகிரி தள்ளிக்கூட மங்கல் தெரியலாம்.

வடிகட்டி பற்றி. ஃபில்டர் செப்பரேட்டர் துளியாக இருக்கும் தனி நீரை மட்டுமே பிடிக்கும். கரைந்த நீர் அதன் வழியாக ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும். ஆகவே 30 டிகிரிப் பக்கம் அதை வைத்துப் பயனில்லை. குளிர்விப்பானுக்குப் பின்னால், 0-க்குச் சற்று மேலே, நீர் பனியாவதற்கு முன் வைக்க வேண்டும். தானாக அடியில் தங்கட்டும் என்றும் விட முடியாது. பத்து மைக்ரான் துளி 20 டிகிரி மண்ணெண்ணெயில் மணிக்கு இரண்டரை சென்டிமீட்டர்தான் இறங்கும். ஒரு மீட்டருக்கு 40 மணி நேரம். குளிரில் எண்ணெய் இன்னும் தடிக்கும்.

எனக்குப் பிடித்த வழி, நீர் பிரியவே விடாமல் முன்கூட்டியே உலர்த்துவது. உலர் நைட்ரஜனைத் தொட்டியின் அடியிலிருந்து குமிழிகளாக விடுங்கள். கணக்கும் எளிது. 30 டிகிரியில் தெவிட்டிய உங்கள் எரிபொருள் கன மீட்டருக்கு 83 கிராம் நீரை வைத்திருக்கிறது. தெவிட்டிய வாயுவில் 30 கிராம். விகிதம் 2.7. 68-ஐ 24-ஆக்க வேண்டும், அந்த இரண்டின் விகிதத்துக்கு இயற்கை மடக்கை 1.04. பத்து கன மீட்டர் எரிபொருளுக்கு 10 × 2.7 × 1.04, அதாவது 28 கன மீட்டர் நைட்ரஜன். குமிழி தெவிட்டியே வெளியேறும் என்ற எடுகோளில் வந்த எண் இது. நடைமுறையில் ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். நுண்துளைக் குழாயாகப் போட்டு மெதுவாக விடுங்கள், தொட்டியைத் தரையோடு மின்னிணைப்புச் செய்துவிடுங்கள், வெளியேறும் வாயுவில் எரிபொருள் ஆவி இருக்கும் என்பதால் அதைத் திறந்தவெளிக்குக் குழாய் போட்டுக் கொண்டுபோங்கள். உலர்த்தி முடித்ததும் மூச்சுக்குழாயில் சிலிக்கா ஜெல் டப்பா ஒன்று மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் காற்று பழைய 68-க்கே திரும்பக் கொண்டுவந்து நிறுத்திவிடும்.

உலர்த்திய பின் 30 டிகிரியில் ஒரு மாதிரியை ஓட்டி எண்ணை இங்கே போடுங்கள். 24-க்குக் கீழே வந்திருந்தால் குளிர்விப்பானைப் போடலாம்.